நிற்றலும் நிறையும்: இளம்பெண்களின் உடற்சமநிலை குறித்துச் சில சொற்கள், சில உண்மைகள்



இன்றைய தலைப்பு சிலருக்கு வியப்பளித்திருக்கும். சொற்களோடு வாழ்நாளைக் கழித்த ஒருவர் உடல் எடையைப் பற்றியும் நிற்பதைப் பற்றியும் பேசுவானேன் என்று நண்பர் ஒருவர் தொலைபேசியிலேயே கேட்டுவிட்டார். காரணம் எளியது. ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவியர் சிலர், நலமுள்ள இளம்பெண்களின் எடை அவர்கள் தடுமாறாமல் நிற்பதைப் பாதிக்கிறதா என்னும் பொருளில் தமிழில் ஒரு சிற்றாய்வு எழுத விரும்பினர். கருவிகளைக் கையாள்வதில் அவர்களுக்கு இடர்ப்பாடு இல்லை. அளந்தார்கள், பட்டியலிட்டார்கள். எழுத உட்கார்ந்தபோதுதான் முதற்பக்கத்திலேயே இடறினார்கள். ஆறு கலைச்சொற்கள் தேவைப்பட்டன. அவற்றுள் மூன்றுக்கு நாட்டுக்கு ஒரு பொருள் இருந்தது. இரண்டுக்கு அகராதி தந்த சொற்கள் வேறு எதையோ குறித்தன. ஒன்றுக்குச் சொல்லே கிடைக்கவில்லை. அச்சொற்களின் வழியாக அப்பொருளுக்குள் நுழைய முயல்வதே இந்த உரை.

எடையிலிருந்து தொடங்குவோம். எடு என்னும் வினையோடு ஐகார விகுதி சேர்ந்து எடை ஆயிற்று. கொடு என்பது கொடை ஆனதும், தடு என்பது தடை ஆனதும் இவ்வாறே. நிறு என்பது நிறை ஆயிற்று. எடுத்துப் பார்ப்பது எடை. நிறுத்துப் பார்ப்பது நிறை. நம் முன்னோர் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவைகளை நான்காக வகுத்தனர். அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் எந்தெந்த எழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் என்பதைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் வரையறுத்துச் சொல்கிறது. ஆக, இரண்டு சொற்களும் பழையன. இரண்டும் ஏறத்தாழ ஒரே செயலைக் குறித்தன.

இயற்பியல் வந்தபோது ஒன்றாக இருந்ததை இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு ஒன்று; அது கிலோகிராமில் சொல்லப்படுவது. அதனைப் புவி ஈர்க்கும் விசை மற்றொன்று. அது நியூட்டனில் சொல்லப்படுவது. முன்னது நிலவுக்குச் சென்றாலும் மாறாது. பின்னது அங்கே ஆறில் ஒரு பங்காகும். இந்த இரண்டுக்கும் தமிழ் வழங்கும் நாடுகள் தனித்தனியே பெயர் சூட்டின. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முன்னதை நிறை என்றும் பின்னதை எடை என்றும் அழைக்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் முன்னது திணிவு, பின்னதுதான் நிறை. நம் தமிழ்ப்பள்ளிகளில் மலாய்மொழியின் ஜிசிம் என்பதற்குப் பொருண்மை என்கிறோம், பெராட் என்பதற்கு எடை என்கிறோம்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு மாணவி நிறை என்னும் சொல்லை இணையத்தில் தேடுகிறாள். சென்னையில் எழுதப்பட்ட பக்கம், நிறை கிலோகிராமில் அளக்கப்படும் என்கிறது. யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்ட பக்கம், நிறை நியூட்டனில் அளக்கப்படும் என்கிறது. இரண்டும் சரி. இரண்டும் தமிழ். அவளுக்கு மட்டும் அறிவியல் பிழையாகத் தோன்றுகிறது.

எனக்கு இதில் ஒரு தனிச் சங்கடமும் உண்டு. மொழியியலில் பொருண்மை என்றால் சொல்லின் பொருள் பற்றியது. பொருண்மையியல் என்பது எங்கள் துறையின் ஒரு பிரிவு. 'இந்தச் சொல்லின் பொருண்மை என்ன?' என்று நான் வகுப்பில் கேட்டால், தமிழ்ப்பள்ளியில் கணிதம் படித்து வந்த மாணவர் 'எத்தனை கிலோ?' என்று கேட்பதுபோல் என்னைப் பார்ப்பார். இருந்தாலும் மூன்றையும் எடைபோட்டுப் பார்த்தால் பொருண்மைக்கு ஒரு நன்மை இருக்கிறது. பொதுவழக்கில் அதற்கு எடை என்னும் சாயல் இல்லை. ஆகவே குழப்பம் குறைவு. திணிவு என்பது நெருக்கி அடைத்திருப்பதை உணர்த்துவதால் அடர்த்தியை நினைவூட்டிவிடுகிறது. நிறை என்னும் சொல்லோ முழுமை, கற்பு, நிறுத்தளவு என்று ஏற்கெனவே பல சுமைகளைத் தாங்கி நிற்பது.

இன்னொரு முரணையும் சொல்லிவிடுகிறேன். துலாக்கோலில் ஒரு தட்டில் பண்டத்தையும் மறுதட்டில் படிக்கல்லையும் வைத்து ஒப்பிடும்போது நாம் அறிவது பருப்பொருளின் அளவையே. நிலவில் நிறுத்தாலும் அதே படிக்கல் அதே பண்டத்துக்குச் சமமாகும். ஆகவே பழந்தமிழர் எடுத்தல் என்று சொல்லி அளந்தது, இன்று நாம் எடை என்று சொல்லாத ஒன்றை. சொற்கள் இப்படித்தான் இடம் மாறி அமர்கின்றன. அதற்காக அவற்றைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

இனி, உயரத்தையும் பொருண்மையையும் சேர்த்துச் சொல்லும் எண்ணுக்கு வருவோம். கிலோகிராமில் சொல்லும் அளவை, மீட்டரில் சொல்லும் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது அது. 1.55 மீட்டர் உயரமும் 55 கிலோகிராமும் உடைய பெண்ணுக்கு அந்த எண் ஏறத்தாழ 22.9. பெல்ஜியம் நாட்டின் அடால்ஃப் கெத்தலே 1832இல் வளர்ந்தவர்களின் எடை அவர்தம் உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி அமைவதைக் கண்டு சொன்னார். அவர் மருத்துவர் அல்லர். வானியலும் புள்ளியியலும் கற்றவர். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்பதே அவருடைய தேடல். யார் பருத்தவர், யார் நோயாளி என்று பிரிப்பதற்காக அவர் அதனை வகுக்கவில்லை. 1972இல் அமெரிக்கரான ஆன்சல் கீஸும் அவர் குழுவினரும் அந்த அளவைச் சோதித்து இன்றைய பெயரைத் தந்தனர். அவர்கள் ஆராய்ந்தது ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,424 பேரை. அவர்கள் அனைவரும் ஆண்கள். இன்று நம் பெண்பிள்ளைகளின் பதிவேட்டில் எழுதப்படும் எண்ணுக்குப் பெயர் வந்த கதை இது.

தமிழில் இதற்குத் தமிழ்நாட்டார் உடல் நிறைக் குறியீட்டெண் என்பர்; இலங்கையார் உடற்றிணிவுச் சுட்டி என்பர். இவை இரண்டும் நடுநிலையான சொற்கள். ஆனால் செய்தித்தாள்களிலும் சில துண்டறிக்கைகளிலும் உடல் பருமன் குறியீடு என்னும் பெயரைக் காண்கிறேன். இதை நான் ஏற்பதில்லை. பருமன் என்பதற்குப் பழைய பொருள் வெறும் அளவு என்பதாகவே இருக்கலாம்; இன்றைய வழக்கில் அது மிகைப்பருத்தலையே குறிக்கிறது. அளக்கப்படுபவள் ஒல்லியாக இருந்தாலும் அவளுக்குப் 'பருமன்' அளக்கப்படுகிறது என்றாகிறது. தீர்ப்பை முன்னே எழுதிவிட்டு வழக்கைப் பின்னே கேட்பது போன்றது இந்தப் பெயர்.

எல்லைக்கோடுகள் பற்றியும் ஆசிரியர்கள் அறிந்திருப்பது நல்லது. உலகச் சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு 18.5க்குக் கீழ் குறைவு, 25 முதல் மிகை, 30 முதல் உடற்பருமன் என்று வகுத்தது. ஆசிய மக்களுக்கு இதைவிடக் குறைந்த அளவிலேயே நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றுக்கான இடர் தொடங்குவதால் 23, 27.5 ஆகிய எண்களையும் நடவடிக்கைக்குரிய புள்ளிகளாகக் கொள்ளலாம் என்று அதன் வல்லுநர் குழு 2004இல் கூறியது. இவை வளர்ந்தவர்களுக்கு உரியவை. பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட மாணவியர்க்கு வயதையும் பாலையும் ஒட்டிய தனி அட்டவணை உண்டு. பன்னிரண்டு வயதுச் சிறுமியின் எண்ணை 23 என்னும் கோட்டோடு ஒப்பிடுவது தவறு. மேலும் இந்த எல்லைகள் நோய் இடரை நோக்கி வகுக்கப்பட்டவை. உறுதியாக நிற்பதை நோக்கி வகுக்கப்பட்டவை அல்ல.

அடுத்த சொல், உடலை நிறுத்திக்கொள்ளும் அமைவைக் குறிப்பது. அகராதிகள் சில இதற்கு உடல்நிலை என்று பொருள் தருகின்றன. 'உடல்நிலை சரியில்லை' என்று விடுப்புக் கடிதம் எழுதிப் பழகிய நமக்கு அச்சொல் இதற்கு உதவாது. தோரணை என்றால் மிடுக்கும் பாவனையும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. வைணவ மரபில் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்னும் மூன்று அழகிய வழக்குகள் உண்டு. ஆயினும் கோலம் என்றதும் வாசலில் இடும் கோலமே மாணவர் கண்முன் வரும். இலங்கையின் உடற்கல்விப் பாடநூல்கள் இதற்கு ஒரு நல்ல சொல்லை ஆண்டு வருகின்றன: கொண்ணிலை. கொள் என்பதும் நிலை என்பதும் புணர்ந்து, ளகர மெய்யும் நகர மெய்யும் ணகரங்களாகத் திரிந்து அமைந்த சொல். பொருள் என்பது பொருண்மை என்றாகும்போது ளகரம் ணகரமாவதை ஒப்புநோக்குக. உடல் கொள்ளும் நிலை கொண்ணிலை. கொண்ட, கொள்கின்ற, கொள்ளும் என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை அது. ஒரு கணம் கொண்டு மறுகணம் வேறாகக் கொள்ளும் உடலுக்கு வினைத்தொகையைவிடப் பொருத்தமான தொகை எது? என்னைக் கேட்டால், இச்சொல்லை நாம் தயங்காமல் கடன் வாங்கலாம்.

கொண்ணிலை என்றாகிவிட்டால் சமநிலை எளிதுதானே என்று தோன்றும். சமநிலை நல்ல சொல்தான். பிற்காலத்தார் ஒன்பதாம் சுவையாகிய சாந்தத்தைச் சமநிலை என்றே வழங்கினர். அமைதி, அசைவின்மை, ஏற்றத்தாழ்வின்மை ஆகிய எல்லாம் அதில் அடங்கும். இடர்ப்பாடும் அங்கேதான். நிற்கும் உடல் ஒருபோதும் அசைவற்று இருப்பதில்லை. காலைக் கூட்டத்தில் 'அசையாமல் நில்' என்று ஆணையிடுகிறோம். அந்த ஆணையை எந்த மாணவியாலும் நிறைவேற்ற முடியாது. விசையுணர்த் தகட்டின்மீது ஒருவரை நிறுத்தி அளந்தால், அவருடைய பாதங்களின் அழுத்த மையம் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓயாது அலைவதைக் காணலாம். சில மில்லிமீட்டர், சில நேரம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். இளமையும் நலமும் உள்ளவரிடமும் இதுவே நிலை.

அந்த அலைவுக்கு என்ன பெயர் வைப்பது? தள்ளாட்டம் என்றால் குடித்தவனும் முதியவரும் நினைவுக்கு வருவர். தடுமாற்றம் என்றால் குறை. சொல் கிடைக்கவில்லை என்று அந்த மாணவியர் சொன்னது இதற்குத்தான். ஆனால் தமிழிடம் ஊசல் இருக்கிறது. பெண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவங்கள் அம்மானை, நீராடல், ஊசல் என்பன. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் இவ்வாறே முடிகிறது. சிறுமியர் ஆடிய அந்த ஊசலைத்தான் இயற்பியலார் தனி ஊசல் என்று எடுத்துக்கொண்டனர். நிற்கும் உடலை ஆய்வாளர்கள் தலைகீழ் ஊசல் என்றே கருதுகின்றனர்: கணுக்கால் அச்சு, மேலே உடல் முழுவதும் குண்டு. மேலிருந்து தொங்கும் ஊசல் தானே நடுவுக்குத் திரும்பும். தலைகீழ் ஊசல் சற்றே சாய்ந்தாலும் மேன்மேலும் சாய்ந்து விழும். விழாமல் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே இந்த அலைவை நிற்பூசல் என்று நான் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் செவிக்கு ஒவ்வவில்லையானால் வேறு சொல் தாருங்கள்.

பிள்ளைத்தமிழைத் தொட்டதால் ஒன்று சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. ஐந்தாம் திங்களில் செங்கீரை: குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது. ஒன்பதாம் திங்களில் சப்பாணி: அமர்ந்து, கைகளை நிலத்திலிருந்து விடுவித்துக் கொட்டுவது. அதன்பின் ஓராண்டை ஒட்டி வருகை: தளர்நடையிட்டு வருவது. தலை, உடற்பகுதி, கால் என்று மேலிருந்து கீழாகச் சமநிலை கைவரும் வரிசையைக் குழந்தை மருத்துவர் இன்று விளக்குகிறார்களே, அந்த வரிசையைக் கண்ணால் கண்டு பருவங்களாக அடுக்கியிருக்கிறார்கள். கைதட்டுவதற்குக் கைகள் ஊன்றுகோலாக இருத்தல் நீங்க வேண்டும் அல்லவா?

இனி அந்த மாணவியரின் வினாவுக்கு வருகிறேன். எடை கூடினால் நிற்பது கடினமாகுமா?

ஒரு சிறு கணக்கு. 1.55 மீட்டர் உயரமுள்ள பெண்ணின் பொருண்மை மையம், தரையிலிருந்து உயரத்தில் ஏறத்தாழ 55 விழுக்காட்டில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்பெலும்புகளுக்கு இடையே அமைகிறது. ஆண்களில் அது சற்று மேலே, ஏறத்தாழ 57 விழுக்காட்டில். கணுக்காலிலிருந்து 0.8 மீட்டர் உயரம் என்று கொள்வோம். அவள் 2 பாகை முன்னே சாய்கிறாள். 50 கிலோகிராம் உடையவளானால், அவளைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை ஏறத்தாழ 14 நியூட்டன் மீட்டர்: ஒரு மீட்டர் கோலின் நுனியில் 1.4 கிலோகிராம் கல்லைத் தொங்கவிட்டு மறுநுனியைப் பிடித்திருப்பது போன்றது. 75 கிலோகிராம் உடையவளானால் ஏறத்தாழ 20.5; கல் 2.1 கிலோகிராம். கெண்டைக்கால் தசை அதனை எதிர்த்து இழுக்க வேண்டும்.

இதிலிருந்து 'கனமானவள் விரைவாக விழுவாள்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கவிழ்க்கும் விசை கூடும் அதே விகிதத்தில், கவிழ்வதை எதிர்க்கும் நிலைமமும் கூடுகிறது. உயரமும் உடலமைப்பும் ஒத்திருந்தால், இருவரும் விழும் வேகம் ஒன்றே. பொருண்மை கணக்கிலிருந்து நீங்கிவிடும். வேறுபடுவது தசை செய்ய வேண்டிய வேலை. இங்கே கலிலேயோ 1638இல் எழுதியது நினைவுக்கு வர வேண்டும்: உடல் பெருக்கும்போது எடை கன அளவைப் பின்பற்றிக் கூடும்; தாங்கும் உறுப்புகளின் வலிமையோ குறுக்குப் பரப்பைப் பின்பற்றிக் கூடும்; முன்னது பின்னதை முந்திவிடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எத்தனை கிலோகிராம் என்பதன்று. அதில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு, அது உடலின் எப்பகுதியில் உள்ளது என்பதே. நாம் முன்னே கண்ட குறியீட்டெண் இம்மூன்றில் ஒன்றையும் சொல்லாது. வயிற்றுப் பகுதியில் சேரும் பொருண்மை மையத்தை முன்னே தள்ளும். தொடையிலும் இடுப்பிலும் சேர்வது அவ்வளவாகத் தள்ளாது.

மெலிந்தவர்க்கும் இதில் சலுகை இல்லை. தசை குறைந்து மெலிந்த பெண்ணுக்கு இழுத்துப் பிடிக்கும் வலிமையும் குறைவு. நெரிசலான இரயிலில் ஒரே அளவான தள்ளல் இருவர்மீது பட்டால், இலேசானவள்தான் மிகுதியாகச் சாய்வாள். இரயில் திடீரென நின்றாலோ, அந்த உலுக்கல் அவரவர் பொருண்மைக்கு ஏற்பவே அமைவதால் இலேசானவளுக்கு ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை.

ஆய்வுகள் என்ன கூறுகின்றன? கனடாவின் கியூபெக்கில் 59 பேரை அளந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, எடை மிகும்போது நிற்றலின் உறுதி குறைவதைத் தெளிவாகக் காட்டியது. அவர்களுள் குறியீட்டெண் 17.4 உடையவரும் இருந்தனர், 63.8 உடையவரும் இருந்தனர். அவ்வளவு அகன்ற வீச்சில் எடுத்தால் தொடர்பு தெரியவே செய்யும். அவர்களும் ஆண்களே. இளம்பெண்களை, அதிலும் இயல்பான எல்லைக்குள் இருப்பவர்களை மட்டும் எடுத்து, இரு காலூன்றிக் கண்திறந்து நிற்கச் செய்தால், எண்ணுக்கும் அலைவுக்கும் உள்ள தொடர்பு மங்கலாகிவிடுகிறது. வேறுபாடு தெரிய வேண்டுமானால் வேலையைக் கடினமாக்க வேண்டும்: ஒற்றைக்கால், மூடிய கண், மெத்தென்ற தளம். அப்போதும் தசைவலிமையும் பயிற்சியும் எடையோடு கலந்தே பேசும். பரதம் பயின்ற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அரைமண்டியில் அவள் முழங்காலை மடக்கி மையத்தைத் தாழ்த்துகிறாள். பிறகு அங்கிருந்து எழுந்து ஒற்றைக்காலில் நிற்கப் பல்லாண்டு பழகுகிறாள். அவளையும், விளையாட்டே அறியாத அவள் தோழியையும் ஒரே குறியீட்டெண்ணால் ஒரே வரிசையில் நிறுத்தினால் முடிவு பொய்யாகும்.

கண்ணை மூடச் செய்வது ஏன் என்று மாணவர் கேட்பர். விழாமல் நிற்க உடலுக்கு மூன்று செய்திகள் வருகின்றன. கண் தருவது ஒன்று. உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும் தருவது ஒன்று. தசை, மூட்டு, உள்ளங்கால் ஆகியவை தருவது ஒன்று. பெர்லினில் வாழ்ந்த மருத்துவர் ரோம்பெர்க், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தண்டுவட நோயாளிகள் கண்ணை மூடியதும் தள்ளாடி விழுவதைக் கண்டு எழுதினார். கால்களிலிருந்து வரும் செய்தி அறுந்துவிட்டதால் அவர்கள் கண்ணை நம்பியே நின்றிருந்தனர். இன்றும் அவர் பெயரால் அச்சோதனை வழங்குகிறது. இந்த மூன்றாம் செய்திக்கு ஷெரிங்டன் 1906இல் ஆங்கிலத்தில் பெயர் வைத்தார். தமிழில் சிலர் தன்னுணர்வு என்கின்றனர். அது சுயநினைவையும் தன்மானத்தையும் குறிக்கும் சொல். நம் ஐம்புலன் கணக்கில் செவிக்கு ஓசை மட்டுமே பொறுப்பு. சமநிலைக்கு எந்தப் பொறியும் இல்லை. பிறமொழி மரபுகளிலும் அப்படித்தான். விழும்வரை தெரியாத புலன் அது.

சமநிலை குலைவதைச் சொல்வதில் மட்டும் தமிழ் செல்வமிக்கது. தலைச்சுற்றல் என்றால் சூழல் சுழல்கிறது. கிறுகிறுப்பு என்றால் தலைக்குள் சுழல்கிறது. மயக்கம் என்றால் நினைவு தவறப் போகிறது. தள்ளாட்டம் என்றால் தலை தெளிவு, கால்தான் நிற்கவில்லை. மருத்துவருக்கு இவை நான்கும் நான்கு வேறு வழிகாட்டிகள். நாமோ மருந்தகத்தில் எல்லாவற்றுக்கும் 'பெனிங்' என்று சொல்லிவிட்டு வருகிறோம். மலாயில் அச்சொல் தலைவலியையும் உள்ளடக்கும். இரும்புச்சத்துக் குறைவால் மயங்கும் மாணவிக்கும், உட்செவிக் கோளாற்றால் சுற்றும் மாணவிக்கும் மருந்து ஒன்றன்று. தமிழறிந்த மருத்துவரிடமாவது சரியான சொல்லைச் சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெண்ணுடல் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். கருவுற்ற பெண்ணுக்கு முன்புறம் பாரம் கூடுகிறது. அவள் இடுப்பைப் பின்னே வளைத்து மையத்தை மீண்டும் கால்களுக்கு மேலே கொண்டுவருகிறாள். 2007இல் வெளியான ஓர் ஆய்வு, கீழ்முதுகின் வளைவு ஆண்களில் இரண்டு முள்ளெலும்புகளிலும் பெண்களில் மூன்றிலும் பரவியிருப்பதைக் காட்டியது. நம் முன்னோடி உயிரினங்களின் எலும்புகளிலும் இவ்வேறுபாடு காணப்படுகிறதாம். தாய்மையின் பாரத்தைப் பெண்ணின் முதுகெலும்பு மிக நெடுங்காலமாகக் கணக்கில் கொண்டிருக்கிறது.

மற்றொன்று தலைச்சுமை. கென்யாவின் லுவோ, கிக்குயு இனப் பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரையிலான சுமையைத் தலையால் சுமக்கும்போது, வெறுங்கையோடு நடப்பதைவிட மிகுதியான ஆற்றலைச் செலவிடுவதில்லை என்று 1986இல் கண்டறியப்பட்டது. நடையில் உடல் ஏறி இறங்கும் ஊசலாட்டத்தை அவர்கள் நன்கு பயன்படுத்துவதே காரணம் என்று 1995இல் விளக்கினர். நம் கிராமத்துப் பெண்கள் சும்மாடு கூட்டிக் குடம் சுமந்தது அயலான செய்தியன்று. இந்நாட்டுத் தோட்டங்களில் காண்டா கம்பைத் தோளில் வைத்து, இரு முனையிலும் பால்வாளி தொங்க, சரிவில் இறங்கி வந்த பெண்களை இந்த அவையில் பலர் கண்டிருப்பீர்கள். என் தாயும் அவர்களுள் ஒருவர். பால் தளும்பாமல் நடக்கும் நடை ஒன்று உண்டு. முழங்கால் சற்றே மடங்கியிருக்கும், அடி குறுகியிருக்கும். அந்தப் பெண்களின் குறியீட்டெண்ணை யாரும் கணக்கிட்டதில்லை. அவர்களில் மெலிந்தவர் இருந்தனர், பருத்தவர் இருந்தனர். பால் நிறுக்கும் கொட்டகைக்கு அனைவரும் சிந்தாமல் வந்து சேர்ந்தனர்.

இன்றைய மாணவியின் சுமை முதுகில். புத்தகப்பை மையத்தைப் பின்னே இழுக்கிறது. அவள் கழுத்தையும் உடலையும் முன்னே சாய்த்து ஈடுசெய்கிறாள். பை உடல் எடையில் 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது பரவலான அறிவுரை. குதிகால் உயர்ந்த காலணி பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை: தாங்குதளம் குறுகுகிறது, பாரம் முன்பாதத்துக்குச் செல்கிறது.

ஆசிரியர்களிடம் ஒரு சொல். நம் பள்ளிகளில் ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் செகாக் உடற்றிறத் தேர்வில் உயரமும் எடையும் அளக்கப்படுகின்றன. அளப்பது தவறன்று. எண்ணை உரக்கப் படிப்பதுதான் தீங்கு. சிங்கப்பூரில் 1992 முதல் 2007 வரை, எடை மிகுந்த மாணவர்களைத் தனியே பிரித்துப் பயிற்சி தந்த திட்டம் ஒன்று இருந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கத்தைத் திருப்பிப் படித்தால் 'கொழுத்தவர்' என்னும் பொருள் வந்ததைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க நெடுநாள் ஆகவில்லை. பெயர் வைக்கும்போது அதைத் திருப்பியும் படித்துப் பார்க்க வேண்டும் போலும். 'குண்டு' என்று வகுப்பில் ஒருமுறை அழைக்கப்பட்ட சிறுமி, மறுவாரம் வலைப்பந்துக்கு வருவதில்லை. ஓடாமல் தாவாமல் இருந்தால் கால்தசை தேயும். உள்ளங்காலின் செய்தி மங்கும். நிற்பதன் உறுதி குறையும். பின்னர் அளந்துவிட்டு 'எடையால் வந்தது' என்று எழுதுவோம். அந்தக் காரணத்தொடரில் நம் சொல்லும் ஒரு கண்ணி.

வகுப்பில் செய்துகாட்ட எளிய சோதனை ஒன்றுண்டு. வெறுங்காலோடு, சுவரருகே, பக்கத்தில் ஒரு துணைவரை நிறுத்திக்கொண்டு, ஒற்றைக்காலில் நிற்கச் செய்யுங்கள். முதலில் கண்திறந்து, பிறகு கண்மூடி. மற்றக் கால் தரையைத் தொடும்வரை நொடிகளை எண்ணுங்கள். கண்திறந்து அரை நிமிடத்துக்கு மேல் எளிதாக நிற்கும் நலமுள்ள இளையோர் பலர், கண்மூடியதும் சில நொடிகளில் காலூன்றிவிடுவர். எடையைக் கேட்காதீர்கள். அதே சோதனையை நான்கு வாரம் நாள்தோறும் செய்தபின் நொடிகள் எவ்வளவு மாறின என்று அவரவர் தம் எண்ணோடு தாமே ஒப்பிடட்டும். அவர்கள் எழுதும் அறிக்கையில் பொருண்மை, எடை, கொண்ணிலை, சமநிலை ஆகிய நான்கும் தத்தம் பொருளில் வரட்டும்.

மன்றத்தின் கலைச்சொற்குழுவுக்கு மூன்று வேண்டுகோள். பொருண்மையை நம் பள்ளிகளில் மாற்ற வேண்டாம். ஆயினும் பாடநூலின் பின்னிணைப்பில் தமிழ்நாட்டு நிறையும் இலங்கைத் திணிவும் அதற்கு ஈடானவை என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி இருந்தால், தமிழ் வழங்கும் நாடுகள் அனைத்தின் அறிவியல் நூல்களும் நம் மாணவர்க்குத் திறந்துகொள்ளும். உடல் பருமன் குறியீடு என்னும் பெயரைக் கைவிட்டு, உடற்பொருண்மைச் சுட்டெண் என்று வழங்கலாமா எனக் கருதிப் பாருங்கள். கொண்ணிலையை ஏற்றுக்கொள்ளுங்கள். நிற்பூசலை ஏற்பதா தள்ளுவதா என்பதை அந்த மாணவியரிடமே விட்டுவிடலாம். அவர்களுடைய ஆய்வேட்டில் அச்சொல் இப்போதைக்கு ஒற்றை மேற்கோள் குறிக்குள் இருக்கிறது.

வினாக்கள் இருப்பின் கேட்கலாம்.